முதலுதவி உத்தியோகத்தரின் முழங்கால்

நான் முதலுதவி உத்தியோகத்தர் ஆனதற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். அதைப் பிடுங்குவதற்காக நான் அரை நாள் லீவு போட்ட அன்றுதான் எங்கள் கந்தோரில் மாதாந்தக் கூட்டம் நடந்தது.

கண்டி பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசாங்கக் கந்தோர் அது. ஆட்களின் பத்திரங்களில் உள்ள பிழைகளைத் திருத்துவது எங்கள் வேலை. சில வேளைகளில் புதிய பிழைகளைச் சேர்ப்பதும் உண்டு. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, யாரும் திறக்காத ஒரு கோப்பில் போட்டு வைப்பேன். கண்டி நகரத்து மஹய்யாவவில், சிங்களவருக்கும் தமிழருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவளாதலால் இரண்டு மொழியும் எனக்கு ஒரே வாய்க்குள்தான் இருந்தன.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு போனபோது நிர்வாக உத்தியோகத்தர் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து இருபது வருடமாகியும் அவருடைய பேச்சில் ஒரு சொல்கூட மலையேறவில்லை.

"ஒவ்வொரு கந்தோருக்கும் முதலுதவி உத்தியோகத்தர் ஒராள் வேணுமாம். உங்களைத் தெரிவு செய்திருக்கிறம். ஏகமனதாக."

"என்னை எதுக்கு, சேர்?"

"நேற்று நீங்கள் வரேல்லை."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாயைத் திறந்தால் வலித்ததால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

பயிற்சி பிலிமத்தலாவையில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் கல்யாணத்தின் சோடனை இன்னும் கழற்றப்படவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் நின்ற வெள்ளை வளைவின் கீழே, பாயில், பயிற்சிப் பொம்மை மல்லாந்து கிடந்தது. தலையும் மார்பும் பாதி திறந்த வாயும் மட்டும் உள்ள பொம்மை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அழைப்புக் கடிதத்தில் பயிற்சி மும்மொழியிலும் நடைபெறும் என்று இருந்தது. நடந்தது சிங்களத்தில். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் நாலு பேர் பின்வரிசையில் இருந்தார்கள். என் தொழிலை யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டதால், என்னை அவர்களுக்கு நடுவே உட்காரவைத்து, சொல்லச் சொல்லத் தமிழில் சொல்லும்படி கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஆனால் மற்றவர்கள் ஒரு தரம் கேட்டதை நான் கேட்கவும் வேண்டும், விளங்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். மண்டபத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அதற்கு வழியே இருக்கவில்லை.

சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா. ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை. முன்னுரை எதுவும் இல்லாமல் பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் மூச்சைப் பாருங்கள், பத்து விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 'யாராவது அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கள்' என்று சொன்னால் எல்லோரும் அந்த யாரோ ஒருவரைத் தேடுவார்கள், ஆகவே ஒருவரை விரலால் காட்டிச் சொல்லுங்கள். இடையிடையே குறட்டை மாதிரி ஒரு இழுப்பு வரும், அது மூச்சில்லை, ஏமாறாதீர்கள். நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கையை வைத்து, முழங்கையை மடிக்காமல் ஐந்து சென்டிமீட்டராவது அமுக்குங்கள். ஒரு விநாடிக்கு இரண்டு தரம் என்ற வேகம். ஒவ்வொரு தரமும் நெஞ்சை முழுதாக எழும்ப விடுங்கள். வாயில் ஊதத் தெரிந்தால் முப்பதுக்கு இரண்டு ஊதுங்கள். தெரியாவிட்டால் அமுக்குவதை மட்டுமாவது நிறுத்தாதீர்கள். களைத்துப் போவீர்கள், ஆகவே இரண்டு நிமிடத்துக்கொரு தரம் ஆள் மாறுங்கள்.

இதையெல்லாம் நான் பின்வரிசைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய கந்தோரின் உயர் அதிகாரி எழுந்து, விலா எலும்பு உடைந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். நர்ஸ் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதயம் நின்ன மனுசன் செத்துட்டான், மாத்தயா. அதுக்கு மேல நீங்க அவனுக்கு என்ன கெடுதல் செஞ்சிற முடியும்?"

இதை நான் பின்வரிசைக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அதே அதிகாரி தன் முறை வந்தபோது, காற்சட்டை கசங்கும் என்று மண்டியிட மறுத்து, பொம்மையை மேசைமேல் தூக்கி வைக்கச் சொன்னார். நர்ஸ் அம்மா அதைத் திரும்பத் தூக்கித் தரையில் வைத்தார். "ஆட்கள் மேசையில விழுறதில்ல" என்றார். அதிகாரி நின்றபடியே பொம்மையை மரியாதையாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

கந்தோருக்குத் திரும்பி வந்தபோது எனக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு பச்சைப் பட்டியும், வெள்ளைப் பெட்டி ஒன்றும் வந்திருந்தன. பெட்டியில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். தமிழில் 'முதலைஉதவி' என்று இருந்தது. திருத்தித் தரும்படி கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த, நாங்கள் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வீடு, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், வேலையைவிடப் பகிடியில் கெட்டிக்காரர்.

"தங்கச்சி, முதலைக்கு ஏதும் நடந்தா ஒங்களத் தேடி எங்க வாறது? குளத்துப் பக்கமா?" என்று தினமும் கேட்பார்.

பெட்டியை நிர்வாக உத்தியோகத்தர் தன் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வெளியில் வைத்தால் பிளாஸ்டர் களவு போகும் என்றார். "அவசரத்துக்கு வேணுமெண்டால் என்னட்டைக் கேளுங்கோ. நான் இல்லாட்டில் வரும்வரை இருங்கோ." ஐந்து மாதமாக அந்தச் சாவி அவருடைய இடுப்புப் பட்டியை விட்டு இறங்கவில்லை.

அது பொதுமக்களைச் சந்திக்கும் ஒரு திங்கட்கிழமை. வரிசை வாசல்வரை நின்றது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் வந்திருந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவின் பெயர் சிங்களப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் தமிழ்ப் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருந்தது. அதைத் திருத்த அவர்கள் வருவது அது மூன்றாம் முறை. மொழி சம்பந்தப்பட்டது என்பதால் என்னையும் கவுண்டருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நிர்வாக உத்தியோகத்தர் பத்திரங்களைப் பிரட்டிப் பார்த்தார்.

"கிராம உத்தியோகத்தற்றை கடிதம் இருக்கு, சரி. தோட்டத் துரையிட்டையும் ஒரு கடிதம் வேணும்."

"போன தடவ துரை கடுதாசி கொண்டாந்தோங்க. அப்ப கிராம சேவகர்கிட்ட வாங்கிட்டு வரச் சொன்னீங்க" என்றார் மனைவி.

"ஓம். இப்ப இரண்டும் வேணும். துரையின்ரை கடிதம் ஆறு மாதத்துக்கு மேலை பழசு."

பெரியவர், "சரிங்க ஐயா, கொண்டாறோங்க" என்றார். பத்திரங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி இரண்டடி வைத்தார். பிறகு கால் மடிந்து அப்படியே சரிந்து விழுந்தார்.

கடிதம் கேட்டதால்தான் விழுந்தார் என்று நான் சொல்லவில்லை. இதயத்துக்குப் போகும் குழாயில் வெகு நாளாகவே அடைப்பு இருந்ததாகப் பிறகு டொக்டர்மார் சொன்னார்களாம். அது எங்கள் கந்தோரில் அடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த அரை நிமிடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அங்கே இருந்த எல்லோரும் வைத்தியர்கள். ஒருவர் அவரைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார். ஒரு அம்மா கைப்பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து மூக்கில் தேய்த்தார். இன்னொருவர் சோடா கொடுக்கச் சொன்னார், போத்தல் மூடியைத் திறந்தும்விட்டார். விண்ணப்பப் படிவங்களால் விசிறினார்கள், அந்தப் படிவங்கள் அதைவிடப் பயனுள்ள வேலை எதையும் அதுவரை செய்ததில்லை. யாரோ, "வலிப்பு, வலிப்பு, இரும்பைக் கையில குடுங்க" என்றார்கள். நிர்வாக உத்தியோகத்தர் ஓடி வந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். ஐந்து மாதமாக வெளியே வராத அலுமாரிச் சாவி அப்போதுதான் வந்தது. ஆனால் பெட்டியைத் திறக்க வரவில்லை.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஆனால் வரிசை குலையவில்லை. வளைந்து ஒரு அரைவட்டமாகி, முன்னால் நின்றவருக்குப் பின்னால் நின்றவர் அப்படியே நின்றார். மூன்று பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், நின்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. யாராவது என்னை விட நன்றாகத் தெரிந்தவர் வருவார் என்று வாசலைப் பார்த்தேன். அந்த நேரம் பெரியவரின் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மூச்சு இருக்கு" என்றார்கள் பலர், நிம்மதியாக.

அவருடைய மனைவியும், "பஸ்ஸுல வந்தா இப்புடித்தாங்க அவருக்கு மயக்கம் வரும். சித்த நேரத்துல எந்திரிச்சிருவாரு" என்றார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி நர்ஸ் அம்மா சொன்னதை நான் நாலு பேருக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். என் சொந்தக் குரலிலேயே அது எனக்குள் கேட்டது. அது மூச்சில்லை, ஏமாறாதீர்கள்.

கூட்டத்தை விலக்கி அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். தோளைத் தட்டினேன். கன்னத்தை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நெஞ்சைப் பார்த்தேன். நெஞ்சு அசையவில்லை. சோடாவை அப்புறம் கொண்டு போகச் சொன்னேன். நிர்வாக உத்தியோகத்தரை விரலால் காட்டி, "சேர், நீங்க அம்புலன்ஸுக்கு அடிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். என் வேலைக்காலத்தில் அவருக்கு நான் இட்ட ஒரே கட்டளை அதுதான். அவர் உடனே செய்தார். ஆனால் இடத்தைக் கேட்டபோது, கடிதத் தலைப்பில் உள்ளபடி அமைச்சின் பெயரிலிருந்து தொடங்கினார்.

சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அமுக்கத் தொடங்கினேன். பொம்மை மாதிரி இல்லை. பொம்மைக்கு வியர்வை மணம் இல்லை, அதன் சட்டைப் பையில் வெற்றிலைச் சுருள் இல்லை. எண்ணத் தொடங்கியபோது வாயில் தமிழ் வரவில்லை. பிலிமத்தலாவையில் கேட்ட மாதிரி, எக்கய், தெக்கய், துனய் என்று சிங்களத்தில்தான் வந்தது. ஏழோ எட்டோ எண்ணும்போது கைக்குக் கீழே கிளுக்கென்று ஒன்று உடைந்தது. அரைவட்டம் முழுவதும் அது கேட்டிருக்க வேண்டும்.

"ஐயோ, அவர விடுங்கம்மா" என்று மனைவி என் தோளைப் பிடித்தார்.

"விட்டா போயிருவாரும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல மூச்சு இருக்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து கணவருடைய கால் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் என்று சொல்வது இலேசு. அதற்குள்ளேயே என் அமுக்கல் ஆழமாகப் போகாமல் வந்தது. நாநா முன்னால் நின்றார். அன்று பகிடி எதுவும் அவரிடம் இருக்கவில்லை.

"நாநா, நீங்க வாங்க."

"எனக்கு ஏலா தங்கச்சி. நான் கோழி அறுக்கிற எடத்துலயே நிக்க மாட்டன்."

"இங்க அறுக்க ஒண்ணும் இல்ல. என் கைய எடுத்ததும் அதே எடத்துல வைங்க. நான் எண்ணுறேன்."

அவர் மண்டியிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு அமுக்கினார். நன்றாகவே அமுக்கினார். அவருக்குப் பிறகு வாசல் காவலாளி வந்தார். பிறகு மறுபடி நான். மறுமுனையில் அம்புலன்ஸ் பெண் ஸ்பீக்கரில் எங்களோடு சேர்ந்து எண்ணினார். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே வாகனம் நெரிசலில் நிற்பதாகவும் சொன்னார். கண்டியில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. பச்சை உடுப்புப் போட்ட இரண்டு பேர் ஒரு கருவியோடு ஓடி வந்தார்கள். நெஞ்சில் இரண்டு தகடுகளை ஒட்டி எல்லோரையும் விலகச் சொன்னார்கள். பெரியவரின் உடம்பு ஒரு தரம் உலுக்கியது. மறுபடி அமுக்கினார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, நாடி வந்துவிட்டதென்று மற்றவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பெரியவரின் கையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, இது யாருடையது என்று கேட்டாள்.

தூக்கிக் கொண்டு போகும்போது மனைவி வாசலில் நின்று திரும்பினார். வரிசை இலக்கச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"எங்க எடம் போயிருமாங்க?"

நான் அதை வாங்கிக்கொண்டேன். "போகாதும்மா, நீங்க ஏறுங்க" என்றேன்.

பிறகு கதிரையில் உட்கார்ந்தபோது என்னால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. நாநா பிடித்துக் குடிக்கவைத்தார். அப்போதுதான் என் முழங்காலில் இரத்தத்தைப் பார்த்தார். சீமெந்துத் தரையில் உரசி, சாரி கிழிந்து தோல் போயிருந்தது. நிர்வாக உத்தியோகத்தர் போய் அலுமாரியைத் திறந்து, வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டி திறக்கப்பட்ட முதல் நாள் அது. கந்தோரின் முதல் நோயாளி நான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அடித்துக் கேட்டோம். கண் விழித்துவிட்டாராம், சோறு கேட்கிறாராம். நாநா கழுவுமிடத்துக்குப் போய் நெடு நேரம் முகம் கழுவினார்.

சம்பவ அறிக்கை ஒன்று எழுதவேண்டி வந்தது. அந்தப் படிவத்தைத் தமிழாக்கியவளே நான்தான். 'பெட்டியிலிருந்து பயன்படுத்தப்பட்ட பொருட்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. 'பொருட்கள் எவையும் பயன்படுத்தப்படாதவிடத்து முதலுதவி அளிக்கப்பட்டதாகக் கொள்ளலாமா என்பதை விளக்குக' என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். நிர்வாக உத்தியோகத்தர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உங்கடை முழங்காலுக்குப் பிளாஸ்டர் ஒண்டு ஒட்டினனாங்கள்தானே. அதை எழுதுங்கோ."

எழுதினேன். அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே அரசாங்கப் பதிவின்படி அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது என் முழங்கால்.

ஆனால் அதே நிர்வாக உத்தியோகத்தர்தான், அறிக்கையைத் திருத்தி எழுதிய அன்று பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக்கும் மேசைக்கும் நடுவில் மண்டியிட்டு, கையை எங்கே வைப்பது என்று என்னிடம் காட்டச் சொல்லிக் கேட்டார். தனக்குப் பிரஷர் இருப்பதாகவும், வீட்டில் மனைவிக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பெரியவருடைய அப்பாவின் பெயர்த் திருத்தத்திலும் துரையின் புதுக் கடிதம் இல்லாமலே கையெழுத்து வைத்தார். "ஆரும் கேட்டால் பழைய கடிதம் காணும் எண்டு சொல்லுவம்" என்றார். அது போதும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

திருத்திய பத்திரத்தை நானே கொண்டு போனேன். பேராதனையில் கலஹா பஸ் எடுத்து, தேயிலைக்குள் இறங்கி, தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு நடந்தேன். பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில், நெஞ்சில் தலையணையை அணைத்தபடி இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் பஸ் ஏறியது வரைதான் ஞாபகம் இருந்தது.

"இவுங்கதான் ஒங்க நெஞ்சு எலும்ப ஒடிச்சவுங்க" என்று மனைவி அறிமுகப்படுத்தினார்.

"நீங்களாம்மா? இருமுனா உசிரு போவுதுங்க" என்றார் பெரியவர். பிறகு பத்திரத்தை வாங்கி, அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் தொட்டு வாசித்தார். இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி வந்தது. மனைவி என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அன்னைக்கு நீங்க செஞ்சீங்களே, அத எனக்குச் சொல்லிக் குடுங்கம்மா. இங்க அம்புலன்ஸ் வாறதுன்னா எம்புட்டு நேரம் ஆகும்."

வேலை முடிந்து வந்த பெண்கள் ஆறேழு பேர் அதற்குள் கூடிவிட்டார்கள். துணி அடைத்த ஒரு உரச்சாக்கைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் ஒரு தரம் காட்டினேன். யாரும் காற்சட்டை கசங்கும் என்று சொல்லவில்லை. ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டு அமுக்கினாள். சாக்கு தரையோடு தரையானது. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. பிலிமத்தலாவையில் ஒருவருக்கும் அந்த அழுத்தம் வரவில்லை.

"இது போதுங்களா?"

"போதும். இதே வேகத்துல நிப்பாட்டாம செய்யணும்" என்றேன்.

பெரியவர் தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"படிக்கிறதெல்லாம் நல்லதுதான். கொஞ்சம் அங்குட்டுப் போயி அமுக்குங்க" என்றார்.